விழைவு, கழிவு, ஒழியிசை: ஆங்கில இலக்கணக் கற்பித்தலில் தமிழ் இடையியலின் துணை – ஜவ்வாது மலை மாணவரை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழ். ஜமுனாமரத்தூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் மாணவர்க்கு ஆங்கிலம் பெரும்பாலும் பாடநூலின் வழியாகவே அறிமுகமாகும் மொழி. ஆதலின், ஆங்கில இலக்கணத்தை அவர்கள் தமிழ் விளக்கத்தின் துணைகொண்டே அறிகின்றனர். அவ்விளக்கம் பிழைபடுமாயின் அதனைத் திருத்திக்கொள்ள அவர்க்கு வேறு வாயில் அரிது.

விருப்பத்தைக் கூறுதல், நிகழ்ந்துவிட்டதற்கு இரங்குதல், இல்லாத ஒன்றை இருப்பதாகக் கொண்டு பேசுதல் ஆகிய மூன்றும் ஆங்கில இலக்கணத்தில் மாணவர் மிகுதியும் இடர்ப்படும் பகுதிகள். இவ்விடர்க்குக் காரணம் ஆங்கிலத் தொடரமைப்பின் அருமை மட்டுமன்று. அதற்கு இணையாகக் காட்டப்படும் தமிழ்த் தொடர் பொருந்தாததாக இருப்பதும் ஆகும். பொருத்தமான இணையைத் தேடுவோர்க்குத் தொல்காப்பிய இடையியல் எதிர்பாராத துணையாக அமைகிறது.

ஆங்கிலத்தின் வழி

ஆங்கிலம் இம்மூன்று பொருளையும் பெரும்பாலும் காலத்தைப் பின்னோக்கி நகர்த்துவதன் மூலம் உணர்த்துகிறது. ‘ஐ விஷ் ஐ நியூ’ என்னும் தொடரில் உள்ள வினை வடிவால் இறந்தகாலம்; பொருளோ நிகழ்காலம். ‘இப்போது எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நன்று’ என்பதே கருத்து. முன்பு தெரியாமற் போனதற்கு இரங்கும்போது இன்னும் ஒரு படி பின்சென்று ‘ஐ விஷ் ஐ ஹேட் நோன்’ என்று கூறுவர். ஆக, இறந்தகால வடிவம் இங்குக் காலத்தைக் குறிக்கவில்லை. உண்மை நிலையிலிருந்து விலகி நிற்றலைக் குறிக்கிறது. ஓட்டோ யெஸ்பெர்சன் போன்ற மொழியியலார் இதனைக் கற்பனைப் பயன்பாடு எனப் பிரித்து நோக்கினர்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய பொருளுக்கெனத் தனி வினைத்திரிபுகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்தன. ‘இஃப் ஐ வேர்’ என்பதிலுள்ள ‘வேர்’ அவற்றுள் எஞ்சிய ஒன்று. தனி வடிவத்தை இழந்த மொழி, இறந்தகால வடிவத்தின்மேல் அந்தச் சுமையை ஏற்றிக்கொண்டது.

தில்லும் மன்னும்

தமிழிலும் இழப்பு உண்டு. ‘தில்’ என்னும் இடைச்சொல் விழைவு, காலம், ஒழியிசை என்னும் மூன்று பொருளிலும், ‘மன்’ என்னும் இடைச்சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளிலும் வரும் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. விழைவு என்பது விருப்பம். கழிவு என்பது இருந்து இல்லாமற்போனது. ஒழியிசை என்பது சொல்லாமல் விட்ட எஞ்சிய கருத்தைக் கேட்போர் உணருமாறு நிறுத்துவது. ஆங்கில இலக்கண நூல்கள் தனித்தனித் தலைப்பில் கூறும் செய்திகள் இவ்விரு சிறு சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றன.

குறுந்தொகை 14ஆம் பாடலில் தில் இருமுறை வருகிறது. தலைவியைத் தான் பெறவேண்டும் என்னுமிடத்தில் அது விழைவு. பெற்ற பின்னர் இவ்வூர் அறியட்டும் என்னுமிடத்தில் அது காலம். விழைவுப்பொருளில் வரும் தில் தன்மை இடத்திற்கே உரியது என்று தொல்காப்பியர் வரையறுப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. விழைவு எப்போதும் பேசுவோனைச் சார்ந்தே நிற்கும் என்னும் தெளிவு அதில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘விஷ்’ என்பதன்பின் ‘வுட்’ வரும் தொடர் பெரும்பாலும் பிறர் செயலையோ மழை, வெயில் போன்றவற்றையோ நோக்கியே எழும். தன் செயல்பற்றி ‘ஐ விஷ் ஐ வுட்’ என்று கூறுதல் அருகிய வழக்கு. தன்னிடம், பிறரிடம் என்னும் வேறுபாடு இரு மொழிகளிலும், வெவ்வேறு திசையிலாயினும், இலக்கணமாகியிருக்கிறது.

மன்னின் கழிவுப்பொருளுக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு புறநானூறு 235ஆம் பாடலிலிருந்து வருவது. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே உள்ள தகடூரை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது அது. முன்பு அவன் இவ்வாறெல்லாம் ஈந்தான் எனக் கூறும் தொடர்களின் இறுதியில் மன் மீண்டும் மீண்டும் வந்து, அது இனி இல்லை என்பதை உணர்த்துகிறது. ‘இல்லை’ என்னும் சொல்லை அத்தொடர்கள் வேண்டவில்லை. மலையின் தென்புறத்தே செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாமோ ஆற்றுப்படை. இவ்வழியே சென்றால் இன்னது காண்பீர், இன்னது பெறுவீர் என நடக்கக்கூடியவற்றையே பேசுவது. திறந்து கிடக்கும் நிபந்தனை ஒருபுறம், மூடப்பட்டுவிட்ட நிலைக்கான இரங்கல் மறுபுறம் என மலையின் இரு பக்கத்தும் இரு பனுவல்கள் நிற்கின்றன. மலையைச் சுற்றியுள்ள மாணவர்க்கு இவற்றைவிட அண்மையான எடுத்துக்காட்டு தேவையில்லை.

செயினும் செய்தாலும்

இன்றைய தமிழில் தில்லும் மன்னும் வழக்கிழந்தன. நிபந்தனையைக் குறித்த ‘செயின்’ என்னும் வாய்பாட்டின் இடத்தைப் பேச்சில் ‘செய்தால்’ முழுமையாகப் பிடித்துக்கொண்டது. தொல்காப்பியம் கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளிலும் நன்னூல் கூறும் பன்னிரண்டிலும் செயின் உண்டு, செய்தால் இல்லை. செய்தால் என்பதனைப் பகுத்தால் இறந்தகால இடைநிலை உள்ளே இருப்பது தெரியும். எனினும் ‘நாளை மழை பெய்தால்’ என்று தடையின்றிக் கூறுகிறோம். இறந்தகால வடிவம் எதிர்காலத்தைச் சுட்டுவது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் அவ்வடிவம் நிகழ வாய்ப்புக் குறைந்ததையோ நிகழாததையோ குறிக்கும்; தமிழில் நிகழக்கூடியதையும் குறிக்கும். ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்னும் தொடரைக் கொள்வோம். கையில் பணம் இருக்கிறதா என்று இன்னும் பார்க்காதவரும் இவ்வாறு கூறலாம். பணம் இல்லை என்று நன்கறிந்தவரும் இவ்வாறே கூறலாம். ஆங்கிலம் முன்னவரை ‘இஃப் ஐ ஹேவ் மனி, ஐ வில் பை இட்’ என்றும், பின்னவரை ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை இட்’ என்றும் பேசவைக்கிறது. ஒரு தமிழ்த் தொடருக்கு இரு ஆங்கிலத் தொடர்கள். எதனைத் தேர்வது என்பதனைத் தமிழ்த் தொடரின் வடிவம் சொல்லாது; சூழலே சொல்லும்.

இறந்தகாலத்திலும் இதே நிலை. மலையில் மிகுதியாக விளையும் சாமையை வைத்து ஒரு தொடர்: ‘சாமை நன்றாக விளைந்திருந்தால் இந்நேரம் கடன் அடைந்திருக்கும்.’ பிழைப்புக்காக மலையிறங்கி வெளியூரில் இருப்பவர் இதனைக் கூறினால் அது ஊகம். விளைந்ததா என்பது அவர்க்குத் தெரியாது. பொய்த்துப்போன நிலத்தின் வரப்பில் நிற்பவர் கூறினால் அது இரக்கம். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஹேஸ் கிரோன்’, ‘வில் ஹேவ்’ என்றும், பின்னதற்கு ‘ஹேட் கிரோன்’, ‘வுட் ஹேவ்’ என்றும் வடிவம் மாறும். நிபந்தனைத் தொடரை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என எண்ணிட்டு மனப்பாடம் செய்விக்கும் முறை இவ்விருவரையும் வேறுபடுத்த உதவுவதில்லை. மாணவன் வாய்பாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தொடரைத் தவறாக எழுதுகிறான்.

ஏகாரமும் எதிர்மறை வினாவும்

தில்லும் மன்னும் மறைந்தபின் அவற்றின் பணியைச் செய்வன எவை? ‘நீ சொல்லியிருக்கலாம்’ என்பது ஐயத்தையும் குறிக்கும், குறைகூறலையும் குறிக்கும். ‘சொல்லியிருக்கலாமே’ என ஏகாரம் சேர்ந்தவுடன் ஐயம் பெரும்பாலும் நீங்கி, ‘சொல்லவில்லை’ என்னும் எஞ்சிய கருத்து உள்ளே வந்துவிடுகிறது. தொல்காப்பியர் ஒழியிசைப் பொருளை ஓகாரத்திற்குக் கூறினாரேயன்றி ஏகாரத்திற்குக் கூறவில்லை. இன்றைய பேச்சுவழக்கில் ஏகாரம் அப்பொருளையும் ஏற்றுள்ளது எனக் கொள்வதே பொருத்தம். ‘யூ மைட் ஹேவ் டோல்ட்’ என்பதற்கும் ‘யூ ஷுட் ஹேவ் டோல்ட்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை, பெரும்பாலான சூழல்களில் தமிழில் அந்த ஒற்றை எழுத்து கடக்கிறது.

விழைவுக்கு இன்றைய தமிழ் பெரிதும் நாடுவது எதிர்மறை வினா. ‘இந்த மழை நிற்காதா’, ‘பேருந்து வந்துவிடாதா’, ‘அவன் ஒருமுறை வந்து பார்த்திருக்கக் கூடாதா’ என்பனவற்றுக்கு எவரும் விடையை எதிர்பார்ப்பதில்லை. ‘ஐ விஷ்’ என்பதற்கு ‘நான் விரும்புகிறேன்’ என்று பொருள் எழுதிக்கொடுக்கும் வகுப்பறை வழக்கம் இந்த இயல்பான இணையை மறைத்துவிடுகிறது. விரும்புகிறேன் என்பது நிறைவேறக்கூடிய விருப்பம். அதனை இணையாகக் கொண்ட மாணவன் ‘ஐ விஷ் ஐ நோ’ என்று எழுதுவதில் வியப்பில்லை. ‘எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா’ என்பதனை இணையாகத் தந்தால், தெரியவில்லை என்னும் உண்மை தொடரின் உள்ளேயே இருக்கும். வினை பின்னோக்கி நகர வேண்டிய காரணமும் விளங்கும்.

வகுப்பறையில் வாய்பாட்டுக்கு முன் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு: தொடரைக் கூறுபவர்க்கு உண்மைநிலை தெரியுமா? தெரியாதெனின் காலம் தன் இடத்தில் நிற்கும். தெரிந்து, அது தொடருக்கு மாறாக இருப்பின் காலம் ஒரு படி பின்னோக்கிச் செல்லும். வரப்பில் நிற்பவரையும் வெளியூரில் இருப்பவரையும் வேறுபடுத்தி உணரும் மாணவன் இதனை எளிதிற் பற்றிக்கொள்வான். தேர்வு வினாத்தாள்களும் இதற்கேற்ப மாறுதல் வேண்டும். ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்பது போன்ற தனித்தொடரைச் சூழல் தராமல் மொழிபெயர்க்கச் சொல்லி, இரு விடைகளுள் ஒன்றற்கு மட்டும் மதிப்பெண் வழங்குவது மாணவனின் தமிழறிவுக்குத் தண்டனை விதிப்பதாகும். கூறுபவர் யார், அவர்க்கு என்ன தெரியும் என்னும் ஒரு வரியை வினாவோடு சேர்த்துத் தருவது வினாத்தாள் அமைப்போர்க்கு அரிய செயலன்று.