கிணற்று வாளியும் சுருளிழையும்

கிணற்று வாளியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுக்கும். பண்டத்தரிப்பில் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு அந்த வழுவழுப்பைப் பற்றி நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொச்சும் சாம்பலும் கொண்டு தேய்த்தால் போகும். சில நாளில் மீண்டும் வந்து சேரும். "அது பாசி" என்பார் என் தாயார். பச்சை நிறமில்லாத பாசியும் உண்டோ என்று அந்நாளில் நான் கேட்கவில்லை. பல்லாண்டுகள் உயிரியல் கற்பித்த காலத்திலும் கேட்கவில்லை.

அது பற்றீரியாக்கள் கூடிக் கட்டும் படலம். கட்டுவதற்கு அவற்றிடம் நார் உண்டு. 1989-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பற்றீரியாவின் மேற்பரப்பிலே சுருண்டு கிடந்த நுண்ணிழைகளைக் கண்டு 'கர்லி' என்று பெயரிட்டனர். மானிப்பாயில் இருந்து மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கிய சமுவேல் கிறீனின் அயலூர்க்காரன் நான். ஆதலால் 'சுருளிழை' என்றே எழுதத் துணிகிறேன். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே இதன் தடிப்பு.

நம் மயிர் வேரிலிருந்து வளர்ந்து வெளியே தள்ளப்படுகிறது. சுருளிழை அவ்வாறன்று; அது கலத்திற்கு வெளியே நெய்யப்படுவது. இழைக்குரிய புரதம் உள்ளே உண்டாகிறது. அங்கேயே அது ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் கலத்துக்குக் கேடு. ஆகவே அதைப் பிணையவிடாது காக்க வேறொரு புரதம் உண்டு. ஒன்பது துண்டுகள் வளையமாகச் சேர்ந்தமைந்த ஒரு வாயிலின் வழியாக அது மடியாத நூலாய் வெளியேறுகிறது. வெளியே, கலத்தின் மேற்பரப்பில் ஒட்டியபடி இன்னொரு புரதம் அச்சுப்போல நிற்கும். வந்த நூல் அந்த அச்சைத் தொட்டதும் மடிந்து உருக்கொள்ளும். அடுத்து வருவது முந்தியதைப் பார்த்து மடியும். இப்படியே இழை நீளும். அல்சைமர் நோயாளரின் மூளையில் படியும் 'அமிலோயிட்டு' என்னும் புரத நார்களும் இவ்வமைப்பினவே என்றும், ஆனால் பற்றீரியா இதை வேண்டுமென்றே கட்டிக்கொள்கிறது என்றும் 2002-இல் வெளிப்பட்டபோது அறிஞருலகம் வியந்தது.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. 1996-இல் ஒரு சோதனை வெளியாயிற்று. அச்சு இல்லாத ஈ. கோலி ஒன்று, நூல் இல்லாத ஈ. கோலி மற்றொன்று. தனித்தனியே வளர்த்தால் இரண்டும் மொட்டை. அருகருகே வளர்த்தபோது, முதலாவது விட்ட நூல் இடைவெளியைக் கடந்து சென்று, மற்றதன் அச்சிலே இழையாயிற்று. 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி சென்றனர். ஈ. கோலி விட்ட நூல் சல்மொனெல்லாவின் மேல் இழையாயிற்று. சல்மொனெல்லா விட்டது ஈ. கோலியின் மேல் இழையாயிற்று. கலப்புக் கூட்டமும் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நோய் தரும் அமிலோயிட்டுகள் பெரும்பாலும் தம்மினத்தையன்றிப் பிறவற்றை ஏற்பதில்லை. இங்கோ, அமைப்பில் நூற்றுக்கு முப்பது பங்குகூட ஒவ்வாத தொலைதூர உறவான செவனெல்லாவின் நாரும் ஈ. கோலியின் நூலை விரைந்து மடியச் செய்தது. ஒருத்தி அடியிட்டு வைத்த கடகத்தை அயல்வீட்டுக்காரி தன் ஓலையால் இழைத்து முடிப்பது போன்றது இது. பற்றீரியா என்றால் தனிக்கலம், தனிவாழ்வு, அயலதனோடு உணவுக்குப் போட்டி என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

நம் நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துளையும் மலிந்தது. மலக்குழியில் இறங்குவது கிணற்றுக்கு வழி தேடிக்கொள்ளும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் ஈ. கோலி கண்டறியப்பட்டிருக்கிறது. உடலின் 37 பாகை வெப்பத்தை விட்டு வெளியே வந்து, உப்பும் உணவும் குறைந்த இடத்தில், 30 பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் வாழ நேரும்போதுதான் ஈ. கோலி வகைகள் பல சுருளிழையை மிகுதியாக நெய்கின்றன. படலத்துக்குள் குடியேறிய பற்றீரியாவைக் குளோரின் எளிதில் அணுகாது. நீரில் தனியே மிதப்பதைத்தான் விரைவில் கொல்லும். 1820-இல் ஜான் ஸ்கடர் இவ்வூரில் மருத்துவப் பணி தொடங்கியபோது, பேதிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர் என்பதை அவரும் அறியார். நாம் அறிவோம், அறிந்தும் நீர் தெளிந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறோம்.

மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டில் சென்ற மாரியின் பின் பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. பிள்ளை தேறிய பிறகு தகப்பனார் என்னிடம் வந்தார்.

"கிணத்துக்குக் குளோரின் போட்டாச்சு, மாஸ்ரர். தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

"வாளியைத் தேச்சனீங்களோ?"

அவர் சற்று யோசித்தார். பிறகு இருவருமாகக் கிணற்றடிக்குப் போனோம். வாளியைக் கவிழ்த்து அதன் அடியை அவரே தடவிப் பார்த்தார். கயிற்றையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.