லாவண்டர் வாசமும் லேத் எண்ணெயும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்றார்கள். கவிதை எனக்கு வராது. அதனால் நான் படித்த ஒரு நாவலைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுதியவர் ஜப்பான் எழுத்தாளர் யாசுடாகா சுட்சுயி. 1965-66-ல் பள்ளி மாணவர்களுக்கான பத்திரிகைகளில் தொடராக வந்து, 1967-ல் புத்தகமானது. 'காலத்தைத் தாண்டிய பெண்' என்று தமிழில் சொல்லலாம். 1983-லும் 2006-லும் சினிமாவாகவும் வந்தது. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். சின்னப் புத்தகம், பயப்பட வேண்டாம்!

கசுகோ பள்ளி மாணவி. ஒருநாள் ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும்போது லாவண்டர் பூ வாசம் வருகிறது, மயங்கி விழுகிறாள். சில நாள் கழித்து ஒரு லாரி அவள்மேல் மோத வருகிறது. கண்ணை மூடித் திறந்தால் முந்தைய நாளில் இருக்கிறாள்! காரணம் தேடி அந்த ஆய்வக நாளுக்கே திரும்பிப் போகிறாள். அங்கே நிற்பவன் கூடப் படிக்கும் ஃபுகமாச்சி. அவன் 2660-ம் ஆண்டிலிருந்து வந்தவன். அந்த வாசம் அவன் தயாரித்த மருந்து. சின்ன வயதிலிருந்து பழகியதாக அவள் நினைத்ததெல்லாம் அவன் பதியவைத்த ஞாபகம். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆனால் அவள்மேல் அவனுக்கு வந்த பிரியம் மட்டும் பொய்யில்லை. திரும்பிப் போகும்போது தன் நினைவை எல்லோர் மனதிலிருந்தும் அழித்துவிட்டுப் போகிறான். அவள் மனதிலிருந்தும்தான்!

விஞ்ஞானக் கதை என்றால் ராக்கெட், ரோபோ என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே விஞ்ஞானம் வேறு வேலை செய்கிறது. சாதாரணக் காதல் கதையில் பிரிந்தாலும் ஞாபகமாவது மிஞ்சும். இதில் அதுவும் பறிபோகிறது. யாரை இழந்தோம் என்றே கசுகோவுக்குத் தெரியாது. லாவண்டர் வாசம் வரும்போது மட்டும் யாரோ ஒருவர் வருவார் என்று தோன்றுகிறது. காலத்தையே தாண்டினாலும் ஞாபகம்தான் பெரிய சொத்து என்று இந்தக் கதை எனக்குப் புரியவைத்தது.

நண்பர்களே, எங்க அப்பா லேத் பட்டறையில் ஹெல்பர். எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அட்மிஷன் அன்று கூட வந்தவர், எண்ணெய்ச் சட்டையோடு உள்ளே வரத் தயங்கி கேட்டிலேயே நின்றார். "நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. மூன்றாவது மாதம் அவர் தவறிட்டார்.

இப்போதும் ஒர்க்‌ஷாப்பில் லேத்தைப் போட்டு கூலன்ட் சூடாகும்போது அப்பா வாசம் வருகிறது. அந்த மருந்து கிடைத்தால் அந்த கேட்டுக்குத்தான் போவேன். கிடைக்காது, தெரியும். ஆனால் "அந்த நாளை மறக்க வைக்கிறேன், வலிக்காது" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். வலித்தாலும் அது என்னோடது.

கிடைத்தால் நீங்களும் படித்துப் பாருங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல்