மண்டி போட்டா தெரியும் தாம்பரத்துக் காடு... கையில இருக்கிற போனே போதும்!

தாம்பரம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? பீச் டிரெயின், ஜி.எஸ்.டி ரோடு ஹாரன், பண்டிகை நேரத்து பெருங்களத்தூர் டிராஃபிக். பூ என்றால் மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கும் மல்லி. காட்டுப்பூவைப் படம் எடுக்கணும்னா ஊட்டிக்கோ மூணாறுக்கோ டிக்கெட் போடுகிறோம்.

ஆனால் வண்டலூரிலும் நன்மங்கலத்திலும் காப்புக்காடுகள் இருக்கின்றன. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகம், 300 ஏக்கருக்கும் மேல். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிகள் வேறு. இவ்வளவும் கண்ணில் படாததற்குக் காரணம், இது முள்ளும் புதருமான காடு. பள்ளத்தாக்கு கிடையாது, பனி கிடையாது. இதன் பூக்கள் பெரும்பாலும் நம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. நின்றபடி போனை நீட்டினால் பச்சையாக ஏதோ ஒன்று விழும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, மண்டி போடுவது. இரண்டாவது, போனைத் தலைகீழாகப் பிடிப்பது. பெரும்பாலான போன்களில் லென்ஸ் மேல் பக்கம் இருக்கும்; திருப்பிப் பிடித்தால் அது தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிவிடும். இப்போது விஷ்ணுகிராந்தியைப் பாருங்கள். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூ. மேலிருந்து பார்த்தால் புள்ளி. பூவின் உயரத்திலிருந்து பார்த்தால், பின்னால் வானம் விரிய, ஒரு காடே நிற்பதுபோல் தெரியும். இது காலையில் விரிந்து வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும் பூ. லீவு நாளில் பத்து மணிக்கு எழுந்து போனால் கிடைக்காது பாஸ்!

சின்னப் பூ என்றால் ஒட்டி ஒட்டிப் போகத் தோன்றும். போகாதீங்க. ரொம்ப நெருங்கினால் போன் போகஸ் ஆகாது. ஒரு அடி பின்னால் வந்து 2எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் தெளிவாக வரும். போர்ட்ரெய்ட் மோடை நம்ப வேண்டாம். தும்பைப் பூவின் மெல்லிய இதழையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். காற்று அடித்தால் பத்துப் பதினைந்து படம் வரிசையாகத் தட்டுங்கள், ஒன்றாவது தேறும்.

சிவப்புப் பூதான் பெரிய தலைவலி. மழைக்காலத்தில் புதர்களில் கொடியாக ஏறிப் பூக்கும் செங்காந்தளை எடுத்துப் பாருங்கள், இதழின் நெளிவெல்லாம் காணாமல் போய் சிவப்புக் கறையாக வரும். சிவப்பு ஒளி அளவுக்கு மீறி சென்சாரில் பதிவதுதான் காரணம். பூவின் மீது விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. மஞ்சளில் தொடங்கிச் சிவப்பாக மாறும் அந்த இதழ் முழுதாகக் கிடைக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் இது. கிழங்கிலிருந்து விதை வரை விஷம். பறித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், படத்தோடு நிறுத்திக்கோங்க.

சரி, இதெல்லாம் இன்ஸ்டாவில் நாலு லைக் வாங்கத்தானா?

அமெரிக்காவில் 1871-ல் யெல்லோஸ்டோன் பகுதிக்குப் போன ஆய்வுக்குழுவில் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற போட்டோகிராபர் இருந்தார். அவர் எடுத்த படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போயின. அந்த இடத்தை நேரில் பார்த்தேயிராதவர்கள் அடுத்த ஆண்டே, 1872-ல், அதைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டதை நம்பாதவர்களும் படத்தைப் பார்த்து நம்பினார்கள்.

நம் ஊர் உதாரணம் பள்ளிக்கரணை. எத்தனையோ வருடம் அது 'சும்மா கிடக்கும் சதுப்பு'. அங்கே குப்பையைக் கொட்டினோம், ரோடு போட்டோம், கட்டடம் கட்டினோம். இன்னொரு பக்கம், பறவை ஆர்வலர்கள் வருடக்கணக்காக அங்கே என்னென்ன வருகிறது என்று எண்ணினார்கள், எழுதினார்கள், படம் எடுத்தார்கள். 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் சதுப்புநிலம் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை நிற்கும் ஒரு படத்தைப் பார்த்தபிறகு அந்த இடத்தை 'வெத்து நிலம்' என்று சொல்ல வாய் வராது.

புகழ்பெற்ற காட்டுயிர் எழுத்தாளர் மா.கிருஷ்ணனும் சென்னைக்காரர்தான். கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். தி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு அணிலைப் பற்றியும் காக்கையைப் பற்றியும் எழுதியவர். வீட்டு வாசலில் இருப்பதையும் கவனிக்கும் அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டியது.

இன்று அதைச் செய்வது இன்னும் சுலபம். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் படம், தேதி, இடம் மூன்றையும் ஏற்றினால், செடி தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மற்றவர்களும் ஒப்புக்கொண்டால் அது ஆராய்ச்சிக்குப் பயன்படும் பதிவாகிறது. ஒரே ஒரு நிபந்தனை, பூவை மட்டும் எடுத்தால் போதாது. இலை, தண்டு, காய் இருந்தால் காய், முழுச்செடி, அது நிற்கும் இடம் எல்லாம் வேண்டும். மங்கலான பின்னணியில் ஒற்றைப் பூ போஸ்டருக்கு அழகு, பெயர் கண்டுபிடிக்கத்தான் உதவாது. தாவரவியல் படிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த எட்வர்டு பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். செடிகள் மீதிருந்த ஆர்வத்தால் புதிய காசித்தும்பை வகைகளை விவரித்து எழுதியவர். அவற்றின் அறிவியல் பெயரோடு அவர் பெயரும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் தெரிவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏரி முழுக்க ஊதா விரித்த ஆகாயத்தாமரை, சாலையோரத்து உண்ணிச்செடி, இரண்டுமே போட்டோவுக்கு சூப்பர். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள், இங்கே நம்முடையதை நெருக்கித் தள்ளுபவை. 'எங்க ஊர் ஏரி எவ்ளோ அழகு' என்று கேப்ஷன் போட்டால், மூச்சுத் திணறும் ஏரியைப் பாராட்டுகிறோம் என்று அர்த்தம். படத்தைப் போடுங்க, கேப்ஷனில் விஷயத்தையும் சொல்லுங்க.

சில எச்சரிக்கைகள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கல்லூரி வளாகத்துக்கும் அனுமதி வேண்டும். விமானப்படைத் தளத்தின் சுவர்ப்பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். மண்டி போடும் முன் புல்லைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், விரியன் படுத்திருக்கலாம். நன்மங்கலத்தின் பழைய கல்குவாரிகள் கொம்பன் ஆந்தைகளின் வீடு. கூடு கண்ணில் பட்டால் ஃபிளாஷ் வேண்டாம், நெருங்க வேண்டாம், லொகேஷனையும் போட வேண்டாம். ஆப்பில் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது.

ஏரியையோ குன்றையோ எடுப்பவர்களுக்குத் தனி யோசனை ஒன்று. சூரிய அஸ்தமனத்துக்காகக் காத்திருக்காதீங்க. கரையில் ஒரு கரண்ட் கம்பத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து, அதே பக்கம் பார்த்து எடுங்கள். ஐப்பசியில் நிரம்பும், மாசியில் கொக்கு இறங்கும், சித்திரையில் தரை வெடித்து ஓரத்தில் எருக்கு பூத்திருக்கும். வருடத்துக்கு 12 படம். எட்டாவது படத்தில் ஒரு லாரி மண் கொட்டிக்கொண்டிருக்கலாம், பத்தாவதில் காம்பவுண்ட் சுவர் எழும்பியிருக்கலாம். அதை கிராப் பண்ணாதீங்க. தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.