தபாலில் போகும் பட்டும் பத்திரமும்

நம் சங்கங்களின் விற்பனை முறை சென்ற பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. சிறுமுகையின் மென்பட்டுச் சேலையும், நெகமத்துப் பருத்திச் சேலையும், பவானி ஜமக்காளமும், ஈரோட்டு மஞ்சளும் முன்னெல்லாம் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, கோ-ஆப்டெக்ஸ் கிடங்குக்கோ மொத்த வியாபாரியின் மண்டிக்கோ சென்றன. இன்றோ, டில்லியிலிருக்கும் வாடிக்கைக்காரர் கைபேசியில் படத்தைப் பார்த்து, பணத்தையும் முன்கூட்டியே செலுத்திவிட்டு, ஒற்றைச் சேலையை அனுப்பும்படி கேட்கிறார். ஒரு மூட்டை போன இடத்தில் ஐம்பது பொட்டலங்கள் போகின்றன. மூட்டை காணாமற்போனால் ஊரே அறியும். பொட்டலம் காணாமற்போனால் சங்கக் கணக்கில் ஒரு வரி மட்டும் ஏறும். ‘வழியில் நஷ்டம்’ என்பது அந்த வரி. ஆய்வுக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் அந்த வரியைக் காண்கிறேன். அதைப் பற்றி நிர்வாகக் குழுவில் யாரும் நீண்ட நேரம் பேசியதாகத் தெரியவில்லை.

ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். வடநாட்டுக் கலியாண வீடொன்றுக்கு மூன்று பட்டுச் சேலைகள் அனுப்பப்பட்டன. மதிப்பு ரூ. 31,000. அனுப்பும் படிவத்தில் குமாஸ்தா எழுதியது: ‘துணி, ரூ. 1,000’. அதிகமாக எழுதினால் கட்டணம் ஏறும் என்பது அவர் எண்ணம். பொட்டலம் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டு வாங்கி, மறுநாள் பிரித்துப் பார்த்தார். உள்ளே பழைய செய்தித்தாள்கள். சங்கம் தன் செலவில் வேறு மூன்று சேலைகளை அனுப்பிற்று. நஷ்ட ஈடாகக் கிடைத்த தொகை அஞ்சல் செலவுக்குக் கூடக் காணவில்லை. குழித்தறியில் உட்கார்ந்து அந்தச் சேலைகளை நெய்தவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது. ஆகவே நஷ்டம், ஆண்டு முடிவில் அதே நெசவாளர்களுக்குப் பங்கு லாபமாக வரவேண்டிய தொகையிலிருந்து கழிந்தது. குமாஸ்தா மிச்சப்படுத்த நினைத்த கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்கே நினைவில்லை.

இங்கே அங்கத்தினர்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிதல் வேண்டும். தபாலில் தொலைந்த பொருளுக்கு அரசாங்கம் முழு விலை கொடுக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அவ்வாறு இல்லை. 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபாலாபீஸ் சட்டம், தன் 6ஆவது பிரிவில், வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் இல்லை என்று சொல்லிற்று. அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் புதிய தபாலாபீஸ் சட்டம் 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 10ஆவது பிரிவும், விதிகளில் குறிப்பிட்ட பொறுப்பு மட்டுமே உண்டு என்கிறது. ஊழியர் வேண்டுமென்றே செய்த மோசத்திற்கு அந்த ஊழியர் பொறுப்பாவார். அதை மெய்ப்பிப்பது நம் தலையில் விழுகிறது. ஸ்பீட் போஸ்டில் பொருள் தொலைந்தால், 1999இல் வகுக்கப்பட்ட விதிப்படி, செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ரூ. 1,000, இவற்றில் எது குறைவோ அதுவே ஈடு. நூறு ரூபாய் கட்டணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சேலையை அனுப்பினவருக்கு அந்தக் கணக்கில் இருநூறு ரூபாய் கிடைக்கும்.

இதை அநியாயம் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொட்டலத்தினுள் இருப்பது பழைய வேட்டியா, சரிகைப் பட்டா என்பது தபாலாபீஸுக்குத் தெரியாது. இரண்டுக்கும் எடையைப் பார்த்து ஒரே கட்டணம்தான் வாங்குகிறது. பட்டென்று சொல்லி, அதற்குரிய தொகையைக் கட்டினவருக்குத் தனி வழி இருக்கிறது. அதுதான் இன்ஷ்யூர் செய்து அனுப்பும் முறை. சொன்ன மதிப்பு வரை ஈடு பெறலாம். உண்மை நஷ்டத்திற்கு மேல் பெற முடியாது. மதிப்பைக் கூட்டிச் சொல்லி லாபம் பார்க்க நினைத்தால் உள்ளதும் போய்விடும். வி.பி. முறையையும் இன்றைய சி.ஓ.டி. முறையையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அவை வாங்குபவரிடம் பணம் வசூலித்துத் தரும் ஏற்பாடுகள். வழியில் பொட்டலம் தொலைந்தால் அவற்றால் காப்பு ஏதுமில்லை.

தபாலுக்கு மட்டும் உரிய கதையன்று இது. லாரியில் மஞ்சள் மூட்டை ஏற்றும் விவசாயி அன்பர்களும் கவனிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் விதிகளும், அதிக மதிப்பை முன்னதாக அறிவித்து அதற்குரிய வாடகை கொடுத்தாலன்றி, லாரிக் கம்பெனியின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்கோடு நிறுத்திவிடுகின்றன. ரயில்வேயிலும் மதிப்பை அறிவித்தவனுக்கு ஒரு நியாயம், அறிவிக்காதவனுக்கு வேறு நியாயம்.

தனியார் கூரியர்களைப் பற்றியோ, பின்னலாடைத் தொழிலில் ஈடுபட்டோர் மறக்கவொண்ணாத தீர்ப்பொன்று உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் 1990ஆம் ஆண்டின் கோடைப் பருவத்திற்காக ஜெர்மனிய வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அனுப்பிற்று. அதற்குரிய தஸ்தாவேஜுகளை ஓர் உறையில் இட்டு, டி.எச்.எல். கூரியர் மூலம் 1990 மே மாதத்தில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. மறு பிரதிகள் சென்று சேருவதற்குள் பருவம் கடந்துவிட்டது. ஐம்பத்தாறாயிரம் ஜெர்மன் மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டிய வியாபாரி முப்பத்தையாயிரம் மட்டுமே கொடுத்தார். வித்தியாசம் நாலு லட்சம் ரூபாய்க்கு மேல். வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்தில் வென்று, தேசிய ஆணையத்தில் குறைந்து, 1996இல் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. முடிவு: கூரியர் ரசீதில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனைப்படி, பொறுப்பு 100 அமெரிக்க டாலர் மட்டுமே. கையெழுத்திட்டவர் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று கோர்ட்டு கூறிவிட்டது. காணாமற்போனது துணியன்று, சில தாள்கள் என்பதை நினைவிற் கொள்க. ரசீதின் பின்புறத்து நுண்ணெழுத்தைப் படிக்கும் வழக்கம் நம் சங்கங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

உலகறிந்த உதாரணம் ஒன்றும் இதற்கு உண்டு. ஹோப் வைரம் என்ற நீல வைரம், நம் நாட்டுக் கோல்கொண்டாப் பகுதியில், கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து கிடைத்ததாகக் கருதப்படுவது. அதை 1958 நவம்பரில் அமெரிக்க நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு நன்கொடையாக அளித்தபோது, துப்பாக்கிக் காவலோடு அனுப்பவில்லை. பழுப்புக் காகிதம் சுற்றிய பெட்டியில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் அஞ்சல் கட்டணம் 2 டாலர் 44 சென்ட் மட்டுமே. மற்றது முழுவதும் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷ்யூர் செய்ததற்கான தொகை. வெளியே சாதாரணப் பொட்டலம், ஆபீஸ் கணக்கில் உண்மையான மதிப்பு. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பையின் மேல் மயில் கண் சேலையின் வண்ணப் படமும் ‘அசல் பட்டு’ என்ற கொட்டை எழுத்தும். படிவத்தில் ‘துணி, ரூ. 1,000’. விளம்பரம் உள்ளுறையில் இருக்கட்டும். இன்ஷ்யூர் செய்த பொட்டலத்தின் மேல் மதிப்பை எழுதத்தான் வேண்டும் என்றால், அதனால் அச்சமில்லை. அப்பொட்டலம் கைக்குக் கை எழுத்து மூலம் ஒப்புவிக்கப்பட்டே செல்லும்.

இனிக் கட்டும் முறை. துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை இடும் பழைய முறை இன்றும் நல்ல முறையே. முத்திரையைப் பற்றிய பழைய தபால் விதி கருத்துள்ளது: காசை வைத்து அழுத்திய முத்திரையோ, வெறும் கோடுகளும் புள்ளிகளுமான முத்திரையோ செல்லாது. காரணம் எளிது. ஒரு ரூபாய்க் காசு எல்லாருடைய பையிலும் இருக்கிறது. பிரித்தவன் மறுபடியும் அதே முத்திரையைப் போட்டுவிடுவான். சங்கத்திற்கே உரிய அடையாளம் பொறித்த முத்திரை ஒன்று செய்து வைத்துக்கொள்ள அதிகச் செலவில்லை. ஆனால் பல ஆபீஸ்களில் அந்த முத்திரை, ரப்பர் ஸ்டாம்புகளோடு மேசை மேல் கிடக்கிறது. அது பணப்பெட்டியினுள் இருக்க வேண்டிய பொருள்.

முத்திரை திருடனைத் தடுப்பதில்லை. திருட்டு நடந்ததைச் சொல்லுகிறது, அவ்வளவே. அதுவும் எல்லாத் தையல்களின் மேலும் இருந்தால்தான் சொல்லும். இதை விளக்க நம் சேலத்து ரயில் கொள்ளையைவிடத் தக்க சம்பவம் கிடையாது. 2016 ஆகஸ்டு 8 இரவு, சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் புறப்பட்ட ரயிலின் பார்ஸல் வண்டியில், பல பாங்குகளுக்குச் சேர்ந்த சுமார் 342 கோடி ரூபாய்ப் பழைய நோட்டுகள், 226 மரப் பெட்டிகளில், ரிஸர்வ் பாங்கிற்குச் சென்றுகொண்டிருந்தன. கதவுகள் பூட்டப்பட்டிருந்தன, போலீஸ் காவலும் உடன் சென்றது. மறுநாள் எழும்பூரில் கதவைத் திறந்து பார்த்தபோது, கூரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு துளை. 5 கோடியே 78 லட்சம் ரூபாயைக் காணவில்லை. சேலம் - விருத்தாசலம் பாதையில் அப்போது மின்கம்பி இல்லாமையால், ஓடும் வண்டியின் கூரைமேல் இருந்து வேலை செய்ய அவர்களுக்கு முடிந்தது. மத்தியப் பிரதேசத்துக் கூட்டமொன்றைச் சேர்ந்தவர்கள் என 2018இல் சிலரை சி.பி.சி.ஐ.டி. போலீசார் கைது செய்தனர். காவல் முழுவதும் கதவின் பக்கம் இருந்தது. வந்தவர்கள் கதவின் பக்கம் வரவில்லை.

பொட்டலத்திற்கும் இப்படி ஒரு கூரை உண்டு. மேல்மடிப்பில் நாலு முத்திரை பளபளக்கும். அடித்தையலைப் பிரித்து, பொருளை உருவி, மீண்டும் தைத்திருப்பார்கள். ஆகவே தைக்கும் நூல் ஒரே நூலாக இருக்கட்டும். முத்திரை ஒவ்வொரு தையலின் மேலும் மூன்று அங்குலத்திற்கு ஒன்றாக விழட்டும். பிளாஸ்டிக் உறையில் அனுப்புவோர், ஒட்டு நாடாவின் விளிம்பில் பாதி நாடாவிலும் பாதி உறையிலுமாகக் கையெழுத்திடுவது ஓரளவு பயன் தரும். முகவரியை வெளியே எழுதுவதோடு, ஒரு தாளில் எழுதி உள்ளேயும் வைக்க வேண்டும். எடையைக் கிராம் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாள் வைத்து ஏமாற்றுபவன் பெரும்பாலும் எடையில்தான் அகப்படுகிறான்.

வெள்ளைக்காரர் காலத்தில் கரன்ஸி நோட்டைத் தபாலில் அனுப்பினவர்கள் அதை இரண்டாகக் கத்தரித்து, முதற்பாதி சேர்ந்த செய்தி வந்த பின்பே மறுபாதியை அனுப்பினார்கள். சேலையைக் கத்தரிக்க முடியாது. எனினும், ஐந்து சேலை கேட்டவருக்கு இரு நாட்களில் இரு பொட்டலமாக அனுப்பலாம். நிலப் பத்திரம் விஷயத்தில் விவசாயிகள் இந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாகக் கைக்கொள்ள வேண்டும். மூலப் பத்திரத்திற்கு எந்த இன்ஷ்யூர் தொகையும் ஈடாகாது. சார்பதிவாளர் ஆபீஸில் சான்றிட்ட நகல் பெற்று அதை அனுப்புங்கள். மூலத்தைத்தான் கேட்கிறார்கள் என்றால், பஸ் ஏறி நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். மகன் வேலை செய்யும் ஊருக்குத்தானே என்று மூலப் பத்திரத்தைச் சாதாரண உறையில் அனுப்புகிறவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள்.

பதிவுத் தபாலே எடுக்கப்பட்டுவிட்டதா என்று அங்கத்தினர் பலர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. அதன் பின் 2025 அக்டோபர் 1 முதல், ஸ்பீட் போஸ்டிலேயே ரூ. 5-உம் வரியும் கூடுதலாகச் செலுத்தி ‘பதிவு’ வசதி பெறலாம்; பதிவு செய்தது குறித்தவரிடமோ அவர் அதிகாரமளித்தவரிடமோ மட்டும் கொடுக்கப்படும். அதே கட்டணத்தில், பெறுபவரின் கைபேசிக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் கொடுப்பது என்ற ஓ.டி.பி. வசதியும் ஏற்படுத்தப்பட்டது. ஜன்னலில் கேட்டால்தான் இவற்றைச் சேர்ப்பார்கள். கேட்காதவருக்குத் தாமாகச் சேர்ப்பதில்லை.

நாள்தோறும் பொட்டலம் அனுப்பும் சங்கங்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளில் ஆண்டு முழுவதற்கும் ஒரே பாலிஸியாக எடுத்து, அனுப்பும் ஒவ்வொரு பொருளையும் அதில் அறிவித்து வரலாம். கடலையே காணாத மேட்டுப்பாளையத்துப் பொட்டலத்திற்கும் அதன் பெயர் ‘மரைன்’ பாலிஸிதான். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். தனித்தனியே இன்ஷ்யூர் செய்யும் செலவோடு இதன் பிரீமியத்தை ஒப்பிட்டு, நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். பாலிஸியில் அனுப்பும் முறை பற்றிய நிபந்தனை இருக்கும். பதிவு செய்து அனுப்ப வேண்டுமென்று அதில் கண்டிருந்தால், பதிவு செய்யாத பொட்டலத்திற்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள்.

பெறுபவருக்கும் ஒரு வேலை உண்டு. கையெழுத்திடுவதற்கு முன் தையலையும் முத்திரையையும் எடையையும் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் தபால் அதிகாரியின் முன்னிலையில் பிரித்துக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். பிரிப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. இதை ஒரு சிறு தாளில் அச்சிட்டு அனுப்பினால் பொட்டலத்தோடுதான் போகும், பயனில்லை. பணம் பெற்றவுடனே வாடிக்கைக்காரருக்குச் செய்தியாக அனுப்பிவிட வேண்டும். நஷ்டம் தெரிந்தால் எழுத்து மூலம் உடனே முறையிடுங்கள். லாரிச் சரக்குக்கு, சரக்கை ஒப்புவித்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள்ளும், ரயிலுக்கு ஆறு மாதத்திற்குள்ளும் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே நிற்காது.

சங்கத்தில் அனுப்புதல் புத்தகம் ஒன்று வைக்கப்பட வேண்டும். தேதி, பெறுபவர், பொருள், உண்மை மதிப்பு, அறிவித்த மதிப்பு, எடை, ரசீது எண், சேர்ந்த தேதி என்ற கலங்கள் போதும். உண்மை மதிப்பும் அறிவித்த மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி கோடு போடுங்கள். இரண்டும் வேறுபட்டால், காரியதரிசி அதற்கு எதிரே காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முத்திரை யார் வசம் இருக்கிறதென்பதையும் அப்புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.