கம்ப்யூட்டர் காவலருக்கு அமெரிக்க அனுமதி: சாட்சி எங்கே?

உஸ்மான் சாகர் ஏரிக்கு அருகே கோயில் கொண்டுள்ள சில்கூர் பாலாஜியை ‘விசா பாலாஜி’ என்றே ஐதராபாத்வாசிகள் அழைக்கிறார்கள். வேண்டிக்கொள்ளும்போது 11 சுற்று. காரியம் கைகூடினால் 108 சுற்று. மேட்டுகூடாவிலும் மாரேட்பள்ளியிலும் உள்ள நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் சுற்றத்தான் செய்கிறார்கள். சுற்றட்டும். ஆனால் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியில் இருக்கும் பிள்ளைக்கு, நானக்ராம்கூடா துணைத் தூதரக வாசலை மிதிப்பதற்கு முன்பே தாண்டவேண்டிய படி ஒன்று உண்டு. பெற்றோர் பலருக்கு அதன் விவரம் தெரிவதில்லை.

ஐ-140 என்னும் மனுவே அது. நிரந்தரக் குடியேற்றத்துக்குத் தகுதி உண்டென்று அமெரிக்கக் குடியேற்ற இலாகா ஒப்புக்கொள்வதற்கான மனு. சாதாரணமாக இதைக் கம்பெனிதான் போடவேண்டும். எனினும் இரண்டு வழிகளில் ஆராய்ச்சியாளர் தாமே மனுச் செய்துகொள்ளலாம். ஒன்று, அசாதாரணத் திறமை உடையவர்களுக்கானது. பெரிய சர்வதேசப் பரிசு இல்லாதவர், பத்து அளவுகோல்களில் மூன்றையாவது எட்டிக் காட்டவேண்டும். மற்றொன்று, ‘தேசிய நலன்’ கருதிக் கம்பெனியின் தயவை விலக்கித் தருவது. தனசார் என்ற வானூர்தித் துறை ஆய்வாளரின் வழக்கில் 2016-ல் வகுத்த மூன்று கேள்விகளே இதற்கு இன்றும் உரைகல்: வேலை நாட்டுக்கு முக்கியமானதா, அதைச் செய்து முடிக்க இவர் தக்கவரா, கம்பெனியை விலக்குவதால் நாட்டுக்கு லாபமா? எச்-1பி விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுக்கும் கம்பெனிக்கு 2025 செப்டம்பர் 21 முதல் ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதிக்கப்பட்டதால், இந்தத் தனிவழிகளை நம்மவர் அதிகம் விசாரிக்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது கடினமல்ல. வங்கிக்கும் மின்நிலையத்துக்கும் காவல் வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். சங்கடம் இரண்டாவது கேள்வியில்தான். இவர்கள் தொழிலே ரகசியம். கம்பெனியின் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால் வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பத்து வருஷம் உழைத்தவரிடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இராது! அதிகாரி பார்ப்பதோ காகிதத்தை மட்டுமே.

ஆகவே ஆரம்பத்திலிருந்தே பகிரங்கமான தடயம் சேர்ப்பது அவசியம். கண்டுபிடித்த பழுதை முறைப்படி அறிவித்தால் ‘சி.வி.இ.’ என்ற உலகப் பொது எண் தருவார்கள். நமது மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பும் 2021 முதல் இந்த எண்ணை வழங்குகிறது. மாநாட்டுக் கட்டுரைகள், பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கான கடிதம், இவர் எழுதிய கருவியைப் பிறர் உபயோகிப்பதற்கான அத்தாட்சி ஆகியவையும் உதவும். இவரோடு வேலை செய்யாத நிபுணர் ஒருவரின் கடிதம், மேலதிகாரியின் புகழுரையைவிடக் கனமானது. விலைக்குக் கடிதம் தயாரித்துத் தருகிறோம் என்று வரும் ஆசாமிகளை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பொய்த் தஸ்தாவேஜு பிடிபட்டால் ஆயுளுக்கும் கதவு சாத்தப்படலாம்.

மூன்றாண்டு பி.எஸ்ஸி. மட்டும் படித்தவருக்குத் தேசிய நலன் வழி சிரமம். அதற்கு மேற்பட்டம், அல்லது நான்காண்டுப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் கேட்பார்கள்.

சரி, மனு அங்கீகாரமாகிவிட்டது. உடனே பெட்டி கட்டலாமா? முடியாது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை வெகு நீளம். தேசிய நலன் மனுக்கள் அடங்கிய இரண்டாம் வகுப்பில், 2025-ல்கூட 2012, 2013-ல் பதிவானவர்களைத்தான் கூப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். அசாதாரணத் திறமைக்காரரின் முதல் வகுப்பிலோ 2022 தொடக்கம் வரை வந்திருந்தது. ஒரே ஆராய்ச்சியாளர் இரண்டு வகுப்பிலும் மனுப் போடுவதன் காரணம் இதுதான். பார்ப்பது பிறந்த நாட்டையே, பாஸ்போர்ட்டை அல்ல. மனைவி யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்தவரானால், அந்த நாட்டு வரிசையில் இருவரும் சேரலாம்! பெண் பார்க்கும்போது ஜாதகத்தோடு இதையும் கேட்கும் காலம் வந்தாலும் வரலாம்.

வீட்டில் இருக்கும் தகப்பனார் செய்யக்கூடிய வேலையும் உண்டு. பையன் கட்டுரையில் ‘எஸ். குமார்’ என்று போட்டிருப்பான்; பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். இருவரும் ஒருவரே என்று பிரமாண பத்திரம் எழுதி வைக்கவேண்டும். கடைசிக் கட்டத்தில் பிறப்புச் சான்றிதழும் கேட்பார்கள். அது பல வீடுகளில் குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் பதிவானது. பெயரைச் சேர்க்கச் சொந்த ஊர் நகராட்சிக்குத்தான் போகவேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பள்ளிச் சான்றிதழையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.