வலியில்லாத எச்சரிக்கை

வலி கண்டால் மருத்துவரை நாடி விரைகிறோம். முகத்தில் ஓரிடம் மரத்துப்போனாலோ, "நோவில்லையே" என்று வாளாவிருந்து விடுகிறோம். சவரம் செய்கையில் கத்தி படுவது தெரியவில்லை; காப்பி அருந்துகையில் ஒரு பக்கத்து உதடு சூட்டை உணரவில்லை. இவை அற்பக் குறைகளாகத் தோன்றலாம். ஆனால் காரணம் புலப்படாமல் நீடித்தால், அசட்டை செய்வது தகாது.

முகத்தின் தொடுவுணர்வை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இந்நரம்பு, நெற்றி, கன்னம், கீழ்த்தாடை ஆகியவற்றுக்கு மூன்று கிளைகளாகப் பிரிகிறது. முகம் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் புற்றுநோய் காரணமன்று. பல் பிடுங்கியபோது நேர்ந்த நரம்புக் காயம், அக்கி போன்றவை காரணமாகலாம். திடீரென முகம் மரத்து, கையோ பேச்சோ தளர்ந்தால் அது பக்கவாதமாயிருக்கலாம். கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எனினும், அரிதாகச் சில புற்றுநோய்கள் இவ்வழியே தம்மை வெளிப்படுத்துகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் ஒருவகைப் புற்று, கொழுகொம்பைப் பற்றிய கொடிபோல் நரம்பைப் பற்றிக்கொண்டு, மெல்ல மண்டையோட்டை நோக்கிப் படர்கிறது. முகத்துத் தோலில் உண்டான புற்றை அகற்றிச் சில ஆண்டுகள் சென்றபின்னும் இவ்வாறு நேர்வதுண்டு. வெளியே கட்டி தென்படாதிருக்கலாம். உணர்விழப்பு மட்டும் சிறிது சிறிதாகப் பரவும்.

ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவ அறிஞர் சார்லஸ் பெல், மார்பகப் புற்றுநோயுற்ற மாது ஒருவரின் முகவாய் மரத்துப்போனதை 1830-களிலேயே குறித்து வைத்தார். புற்று தாடையெலும்புக்குப் பரவி நரம்பை அழுத்தும்போது இவ்வாறு நிகழும். மார்பகப் புற்றுநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் சிலருக்கு இதுவே முதல் அறிகுறியாகிறது.

ஆதலின், ஒரு பக்கத்து மரமரப்பு சில நாட்களில் நீங்காவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்னர் அகற்றிய கட்டி, மச்சம், தோற்புண் எதையும் மறைக்காமல் கூறுங்கள். பல்லாண்டுகளுக்கு முந்தைய செய்தியே நோயின் மூலத்தைக் காட்டக்கூடும். நரம்பு செல்லும் பாதை முழுவதையும் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும், தேவையெனில் திசுப் பரிசோதனையும் உண்மையை விளக்கும். முதற்படத்தில் ஒன்றும் தென்படாவிடினும், மரமரப்பு பரவினால் மீண்டும் செல்லத் தயங்காதீர்கள்.

வீட்டில் முதியோர், "இந்தக் கன்னம் ஏதோ என்னுடையது போலில்லை" என்று சொன்னால், வயதின் கோளாறென்று தள்ளிவிடாமல் செவிகொடுங்கள். நோய் தொலைவு செல்லுமுன் கண்டுகொள்ள அச்சொல்லே துணையாகலாம்.