எந்த வோல்ட், எந்த ஆம்பியர்?



வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்; வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். முதலாண்டுத் தம்பி தங்கைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு டிரெயினிங் போன இடத்தில், கையில் டாங் டெஸ்டரையும் மல்டிமீட்டரையும் கொடுத்து, "இதுல எத்தனை ஓம், எத்தனை வாட், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் நமக்கு முழி பிதுங்குகிறது. சூத்திரம் தெரியாமல் அல்ல. எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்ட்டை எடுப்பது என்று யோசிக்காமல் போவதால்தான்.

முதலில் லேபில் இருக்கும் குண்டு பல்பையே எடுத்துக்கொள்வோம். (வீட்டில்தான் எல்.இ.டி. வந்துவிட்டதே!) 230 வோல்ட், 100 வாட் பல்பு. 100-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 0.43 ஆம்பியர். மின்தடை 230-ன் வர்க்கத்தை 100-ஆல் வகுத்தால் 529 ஓம். இப்போது பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், 40 ஓம் அளவில்தான் காட்டும். மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டங்ஸ்டன் இழை சூடானால் அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேல் ஏறும். ஆகவே, எரியும்போது உள்ள தடை வேண்டுமென்றால் எரியும்போதே வோல்ட்டும் ஆம்பியரும் எடுத்துத்தான் வகுக்க வேண்டும்.

மோட்டாரில் கதை வேறு. 10 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார், 415 வோல்ட்டில் முழு லோடில் ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும். வெறுமனே பெருக்கினால் 5,810. இது வாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று ஃபேஸ் ஆகையால் 1.732-ஆல் பெருக்கினால் சுமார் 10,060 வோல்ட் ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.85 என்றால் உள்ளே போகும் உண்மையான திறன் சுமார் 8,550 வாட். அதில் ஷாஃப்டில் வேலையாக வருவது 7,500 வாட் போல. மீதி சூடு, உராய்வு. அதே மோட்டாரில் 415-ஐ 14-ஆல் வகுத்து "வைண்டிங் தடை 29.6 ஓம்" என்று வைவாவில் சொன்னால் எக்ஸ்டர்னல் சிரித்துவிடுவார். ஓடும் மோட்டாரில் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது வைண்டிங்கின் தடை மட்டும் அல்ல.

இனிதான் முக்கிய விஷயம். சிப்காட்டில் உருக்கு உருட்டாலைகள் ஏராளம். அங்கே 75 எச்.பி. மோட்டார் என்பது சர்வசாதாரணம். முழு லோடில் 100 ஆம்பியர் பக்கத்தில் இழுக்கும். நான் டிரெயினிங் போன ஓர் ஆலையில் அப்படி ஒரு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கருகிய வாசனை வந்தது. பேனல் வோல்ட்மீட்டர் 415, அம்மீட்டர் 100. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு, மீட்டரின் ஒரு புரோபைக் கேபிள் லக்கிலும் இன்னொன்றை அதே ஃபேஸின் டெர்மினலிலும் வைத்தார். சில மில்லிவோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட் காட்டியது.

கணக்குப் போடுங்கள். 2 வகுத்தல் 100, அதாவது 0.02 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 2 பெருக்கல் 100, அதாவது 200 வாட்! 25 வாட் சால்டரிங் அயர்ன் எட்டை ஒரே லக்கில் சொருகி வைத்த மாதிரி. அலுமினியக் கேபிள், செம்பு டெர்மினல், லூசான போல்ட் மூன்றும் சேர்ந்தால் இப்படித்தான். சூட்டில் ஆக்சைடு படியும், தடை ஏறும், இன்னும் சூடாகும்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை? ஃபியூஸ் பார்ப்பது கரண்ட்டை மட்டும். கரண்ட் அதே 100-தானே! ஓவர்லோடு ரிலேக்கும் இது தெரியாது. பெட்டி தீப்பிடிக்கும் வரை யாரும் சொல்லமாட்டார்கள். இப்போது பெரிய ஆலைகளில் தெர்மல் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். கேமரா இல்லாத இடத்தில் இந்த 2 வோல்ட்தான் கேமரா. ஆனால் புரோப் அடுத்த ஃபேஸில் பட்டால் 415 வோல்ட். அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் நம்மில் யாரும் இந்த ரீடிங் எடுக்க நினைக்கவே கூடாது.

இழப்பு கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறுகிறது என்பதற்கு நாம் தினமும் வரும் யூனிட் ரயிலே சாட்சி. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1,500 வோல்ட் டி.சி.யில் ஓடத் தொடங்கியது. இன்று திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தடங்களில் 25,000 வோல்ட் ஏ.சி. பவர் ஃபேக்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், 1,000 கிலோவாட்டுக்கு அன்று 667 ஆம்பியர், இன்று 40. கம்பியின் தடை 0.1 ஓம் என்றால் முதலாவதில் வீணாவது 44 கிலோவாட். இரண்டாவதில் வெறும் 160 வாட்.

இதே கணக்கை அந்த லக்குக்கும் போடலாம். லோடு பாதியாகி 50 ஆம்பியர் ஆனால் சூடு 50 வாட்தான். தொட்டுப் பார்த்தவர்கள் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகவே ரீடிங்கை ஆலை முழு வேகத்தில் ஓடும் ஷிஃப்டில் எடுக்க வேண்டும். போல்ட்டை முடுக்குவதை மெயினை ஆஃப் செய்த பிறகுதான் செய்ய வேண்டும்.